கணக்கும் முடிவும்

கணக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன், கழிந்துபோன வரவு செலவுகளை வரிசையாகக் குறித்துவைக்கும் ஏடு ஒன்றே பலருடைய நினைவுக்கு வருகிறது. வருமான வரி அதிகாரிக்குக் காட்டுவதற்காகவே அது எழுதப்படுகிறது என்று எண்ணுவோரும் உண்டு. ஆனால், நடந்ததை எழுதிவைப்பது கணக்கியலின் பணியில் பாதியே ஆகும். இனி என்ன செய்வது என்று தீர்மானிப்பதற்குத் துணைபுரிவது மற்றப் பாதி. பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் தொழில் நடத்தும் நம்மவர்க்கு இந்த இரண்டாம் பாதி பெரிதும் வேண்டப்படுவது.

1494ஆம் ஆண்டில், லூக்கா பாச்சியோலி என்ற துறவி வெனிஸ் நகரில் வெளியிட்ட கணித நூலில், அந்நகர வணிகர்கள் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கினார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒரு கணக்கில் பற்றாகவும் மற்றொரு கணக்கில் வரவாகவும் ஏறும். இரு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒத்திருக்க வேண்டும். நம்மவரிலும் நகரத்தார் கணக்கெழுதுவதில் பெயர்பெற்றவர்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த தங்கள் கடைகளுக்கு மூன்றாண்டுத் தவணையில் ஏஜெண்டுகளை அனுப்பிவிட்டு, அங்கிருந்து வரும் கணக்கையும் ஐந்தொகையையும் பார்த்தே செட்டிநாட்டில் இருந்த முதலாளிகள் கடையின் நிலையை அறிந்தனர். கண்ணுக்கு எட்டாத தொழிலைக் கணக்கு அவர்கள் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

இனி ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். புனே நகரில் ஒரு தம்பதியர் சிற்றுண்டிச் சாலை நடத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மாவரைக்கும் இயந்திரம், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, மேஜை நாற்காலி ஆகியவற்றில் 6,00,000 ரூபாய் முதல் போட்டிருக்கின்றனர். ஆண்டு விற்பனை 24,00,000 ரூபாய். சரக்கு, எரிவாயு, வாடகை, ஆட்கூலி முதலியவற்றுக்கு ரொக்கமாகக் கொடுத்தது 19,20,000 ரூபாய். கல்லாவில் மிஞ்சுவது 4,80,000 ரூபாய். இது முழுவதும் இலாபம் என்று அவர்கள் மகிழலாம்.

கணக்கியல் அதை ஒப்புவதில்லை. தளவாடங்கள் ஐந்தாண்டுகளே உழைக்குமாயின், ஆண்டுதோறும் அவற்றின் மதிப்பில் 1,20,000 ரூபாய் தேய்ந்துபோகிறது. இந்தத் தேய்மானத்தைக் கேட்டு எவரும் வாசலில் வந்து நிற்பதில்லை. ஆகையால் இயந்திரம் ஓய்ந்து நிற்கும் நாள்வரை அது தெரிவதில்லை. அதைக் கழித்தால் இலாபம் 3,60,000 ரூபாய். பொருளியலார் இன்னும் ஒரு படி மேலே செல்வர். கணவர் வேறோர் உணவகத்தில் சமையல் வேலை பார்த்து மாதம் 20,000 ரூபாயும், மனைவி 10,000 ரூபாயும் ஈட்டக்கூடும் என்றால், அந்த 3,60,000 ரூபாய் அவர்களுடைய உழைப்பின் கூலியே ஆகும். அதையும் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. போட்ட முதலுக்கு வட்டிகூடக் கிட்டவில்லை.

அப்படியானால் கடையை மூடிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தளவாடத்தில் போட்ட பணம் போட்டதுதான். மூடுவதால் அது திரும்பி வாராது. இன்று விற்றால் 50,000 ரூபாய் தேறும் என்று கொள்வோம். மூடிவிட்டு வேலைக்குச் சென்றால், கூலியும் விற்ற பணமுமாக இவ்வாண்டு கிடைப்பது 4,10,000 ரூபாய். கடையைத் தொடர்ந்தால் கிடைப்பது 4,80,000 ரூபாய். ஆகவே, தளவாடம் உழைக்கும்வரை தொடர்வதே நன்று. புதிதாக வாங்கவேண்டிய நாளில் இக்கேள்வியை மீண்டும் எழுப்பிப் பார்க்க வேண்டும்.

ஆனால், இதே கணக்கை நம்பிக் கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்கலாமா என்பது வேறு கேள்வி. அங்கே முதலை இனிமேல்தான் போட வேண்டும். ஆதலால் தேய்மானம் முழுவதையும் எண்ணியாக வேண்டும். தம்பதியர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிற்க இயலாது. அவர்கள் செய்யும் வேலைக்குச் சம்பள ஆள் வேண்டும். கடனுக்கு வட்டியும் சேரும். முதற்கடையைப் போலவே விற்பனை நடந்தாலும், இரண்டாவது கடை நட்டத்திலேயே முடியும். கல்லாவில் பணம் புரள்வதைக் கண்டு கிளை திறந்தவர்கள் சிலர், நன்றாக நடந்த முதற்கடையையும் சேர்த்து இழப்பதற்குக் காரணம் இதுவே.

ஏடு ஒன்றுதான், கேள்வி மாறியதும் விடை மாறியது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜான் மாரிஸ் கிளார்க், மேற்செலவுகளைப் பற்றி 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வற்புறுத்திய கருத்தும் இதுதான்: நோக்கத்துக்கு ஏற்பச் செலவுக் கணக்கு வேறுபடும்.

பிறருடைய கணக்கைப் பார்த்து நம் சேமிப்பை ஈடுபடுத்தும்போது மற்றோர் எச்சரிக்கையும் தேவை. ஹைதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, ஏட்டில் காட்டிய வங்கி இருப்பில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி ஒப்புக்கொண்டார். அக்கணக்குகள் தணிக்கை செய்யப்பட்டவை. இரு பக்கமும் ஒத்தும் இருந்தன. பக்கங்கள் ஒத்திருப்பது கூட்டல் சரி என்பதற்குச் சான்று. பொருள் இருப்பதற்குச் சான்றாகாது. இருப்பை வங்கியிடமே நேரே கேட்டு உறுதிசெய்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும். கூட்டு வியாபாரத்தில் பங்கு சேர அழைக்கப்படும் நேயர்களும் இலாபத் தொகையை மட்டும் பார்த்தல் போதாது. வங்கிக் கணக்கின் நகலையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே, சிறிய தொழிலாயினும் மூன்று செய்திகளை ஏட்டில் தனித்தனியே எழுதிவருதல் நலம்: கைக்கு வந்த ரொக்கம், தளவாடத்தின் தேய்மானம், வீட்டார் தம் உழைப்புக்கு உரிய கூலி. இம்மூன்றும் பிரிந்து நின்றால், கடையைத் தொடர்வதா, விரிப்பதா, விடுவதா என்ற கேள்விக்கு உரிய விடையை நாமே கணக்கிட்டு அறியலாம்.