பள்ளிக்குள் ஒரு தறி

ஆரணிப் பட்டு என்ற பெயரில் விற்கும் சேலைகளில் ஒரு பங்கு தேவிகாபுரம் என்ற ஊரின் தறிகளில் நெய்யப்படுவது. அந்தத் தறியில் புட்டா என்னும் பூ வேலைப்பாடு விழுவதைக் கொஞ்சம் கவனித்தால், நம் வகுப்பறைகளில் எது குறைகிறது என்பது பிடிபடும். கட்டத்தாளில் வரைந்த பூவை வரி வரியாகப் பிரித்து, ஜக்கார்டு அட்டைகளில் துளையிடுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு இழை மேலெழும், இல்லாத இடத்தில் கிடந்தபடி கிடக்கும். கணக்கு அதோடு முடிவதில்லை. நெசவாளர் அச்சை ஓங்கி அடித்தால் வட்டப் புட்டா சப்பிப்போகும்; மெல்ல அடித்தால் நீண்டு முட்டை வடிவாகிவிடும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை இழை விழவேண்டும் என்ற விகிதம் கைக்குள் இருந்தாக வேண்டும். இங்கே தவறைச் சுட்டிக்காட்டச் சிவப்பு மை தேவையில்லை, துணியே காட்டிக்கொடுத்துவிடும். பரீட்சைத் தாளில் ஊகித்து எழுதிய விடைக்கும் சில நேரம் மதிப்பெண் கிடைக்கும். தறியில் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் கைத்தொழிலைப் பாடத்தின் நடுவே வைக்க வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டில் இதைச் சொன்னவுடன் 1953 நினைவுக்கு வரும், வரவும் வேண்டும். ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். எதிர்த்தது சரிதான். நெசவாளி மகனை நெசவுக்கும் வண்ணார் மகளை வெளுப்புக்கும் அனுப்பும் ஏற்பாடு அது, பிறப்பையே பாடத்திட்டமாக்கியது. ஆனால் அதில் குற்றவாளி சாதி, தறியல்ல. தறியைப் பள்ளிக்குள் கொண்டுவந்து, மருத்துவர் மகளும் கூலித் தொழிலாளி மகனும் ஒரே பலகையில் உட்கார்ந்து நாடா தள்ளினால், குலத்தொழில் என்ற கட்டே தளரும். நெசவாளி பிள்ளைக்குக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஒரு மணி நேரமும் குறையக்கூடாது என்பது இதன் முதல் நிபந்தனை.

குழந்தை உழைப்பாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கும் காரணம் உண்டு. 1937-இல் காந்தியின் வார்தா திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழு, ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைத் தொழிலுக்கு ஒதுக்கியது. பிள்ளைகள் செய்த பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்துக்கு வழி தேடலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. அங்கேதான் அது சறுக்கியது. விற்பனைக்கென்று நெய்யும் பிள்ளை தப்பு செய்ய முடியாது. தப்பு செய்யாமல் கற்கவும் முடியாது. வாரம் நான்கு பாடவேளை, விலையில்லாத பருத்தி நூல், கெட்டால் பிரித்து மறுபடி நெய்யும் உரிமை: இவ்வளவு போதும். தறிகளே குறைந்துவரும் காலத்தில் எதற்கு என்றால், இது நெசவாளர்களை உருவாக்கும் திட்டம் அல்ல. கூலி உயராமல் எந்த வகுப்பும் தறியைக் காப்பாற்றாது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் கைவினைஞர்களிடம் பழகச் சொல்கிறது. பத்து நாளில் வேடிக்கை பார்க்கலாம், கை பழகாது. தேவிகாபுரத்தில் கற்றுத்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. பட்டம் இல்லாத நெசவாளரை எந்தப் பதவியில், எந்தச் சம்பளத்தில் அமர்த்துவது என்பதுதான் சிக்கல். தையலுக்கும் ஓவியத்துக்கும் 2012-இல் அரசுப் பள்ளிகளில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள் பணிநிரந்தரம் கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடியதைப் பார்த்த எந்த நெசவாளரும், தறியை விட்டு வருவதற்கு முன் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்.