குதிகால் வலி: ஷூ மட்டுமா குற்றவாளி?

நெய்வேலி டவுன்ஷிப்பில் யாராவது காலைத் தாங்கித் தாங்கி நடந்தால் முதல் குற்றவாளி சேஃப்டி ஷூ! அடுத்து யூரிக் ஆசிட். பாட்டிகளைக் கேட்டால், வாயு. ஷிஃப்ட் ஊரில் இந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காலையில் முதல் அடி வைக்கும்போது சுரீர் என்று குத்தி, நடக்க நடக்கக் குறைகிற வலிக்குப் பயப்பட வேண்டாம்.

படுத்திருக்கும்போதும் விடாமல், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி வேறு ஜாதி. சிறுநீரகம், பெருங்குடல், நுரையீரல், கர்ப்பப்பை என்று எங்கோ கிளம்பிய புற்றுநோய், ரத்தத்தில் சவாரி செய்து பாத எலும்பில் இறங்குவதுண்டு. ரொம்ப அபூர்வம்தான். எலும்புக்குப் பரவும் கேஸ்களில், கணுக்காலுக்குக் கீழேயோ மணிக்கட்டுக்குக் கீழேயோ போவது ஆயிரத்தில் ஒன்று என்கிற கணக்கு. இந்த செல்களுக்குப் பிடித்த சிவப்பு மஜ்ஜை முதுகெலும்பு, இடுப்பு, விலா எலும்புகளில்தான் நிறைய. பாதத்தின் 26 எலும்புகளில் பெரும்பாலும் கொழுப்பு மஜ்ஜை!

அபூர்வம் என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கௌட் என்று மாத்திரை, சுளுக்கு என்று கட்டு... மாதங்கள் ஓடிவிடும். எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயிலேயே தெரியும். பாடகர் பாப் மார்லிக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். கால் கட்டைவிரல் நகத்தடியில் ஆரம்பித்த புற்றுநோய் மேலே பரவியது. அவரும் முதலில் கால்பந்துக் காயம் என்றுதான் நினைத்தார். 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல், 36 வயதில், போய்விட்டார்.

டாக்டருக்குத் துப்புக் கொடுக்க வேண்டியது நாம். நம் வீடுகளில் நடப்பது என்ன?

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?"

"ஒண்ணுமில்ல டாக்டர்!"

ஆறு வருஷத்துக்கு முன் அடையாறு போய் வந்ததை, பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் யார் சொல்வார்கள்? 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னாலே விஷயம் விளங்கிவிடுமே! பெற்ற பிள்ளையிடமே 'வயித்துல ஒரு கட்டி' என்று முடித்திருப்பார்கள். அதனால், அப்பாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறவர்கள், பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளிந்திருக்கும் பழைய ஃபைலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால் அவர் எம்.ஆர்.ஐ., போன் ஸ்கேன், தேவைப்பட்டால் பயாப்ஸி என்று நேராகப் போவார்.

பரவிய பிறகு என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். முழுசாகக் குணமாவது கஷ்டம்தான். ஆனால் கதிர்வீச்சு கொடுத்தால் பலருக்குச் சில வாரங்களில் வலி குறையும். ராத்திரி தூங்கலாம், காலையில் வாசல்வரை நடந்துபோய்ப் பேப்பர் எடுக்கலாம்.