ஆலை நின்றபின் டயர்களைப் பேணல்

நம் மாணவருள் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து வருவோர் பலர் கரும்பு பயிரிடுங் குடும்பத்தினர். அரைவைக் காலத்தில் முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர்களையும், எஞ்சியுள்ள டயர் வண்டிகளையும் அவர்கள் நன்கறிவர். ஆலை நின்றதும் அவ்வண்டிகளுக்கு வேலை பெரிதும் ஒழிகின்றது. டிரெய்லர் களத்து மேட்டில் வெயிலில் நிற்கின்றது. மாற்றுச் சக்கரம் ஏதேனும் ஒரு சுவரில் சாய்ந்து கிடக்கின்றது. ஓடாத சக்கரம் தேயாது என்று நாமெல்லாம் எண்ணியிருக்கின்றோம். தேயாது என்பது மெய்யே. ஆயினும் ரப்பர் கெடுவதற்கு ஓட்டம் வேண்டுவதில்லை.

1844-ம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்பார் அமெரிக்காவில் உரிமை பெற்ற முறைப்படி, ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றுவதால் அஃது உறுதி பெறுகின்றது. அவ்வாறு பதப்படுத்திய ரப்பருக்கும் பகைகள் உள. வெயிலும் வெப்பமும் அதனை வறளச் செய்கின்றன. காற்றில் மிகச் சிறிதளவே கலந்துள்ள ஓசோன் என்னும் வாயு அதன் மேற்புறத்தைப் பிளக்கின்றது. இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. இழுபட்டு விறைத்திருக்கும் ரப்பரையே ஓசோன் வெடிக்கச் செய்கிறது. தளர்ந்திருக்கும் ரப்பரை அங்ஙனம் செய்வதில்லை. ஆகவே பாரத்தோடு மாதக்கணக்காக ஒரே நிலையில் நிற்கும் டயரின் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றன.

இதனை அறிந்தால் செய்யவேண்டுவது தானே விளங்கும். பாரத்தை இறக்கி, அச்சுக்குக் கல்லோ கட்டையோ அண்டக்கொடுத்துச் சக்கரம் தரையில் படாதவாறு உயர்த்துக. கழற்றி வைப்பதாயின், சோப்பு நீரால் சேறு போகக் கழுவி நன்கு உலர்த்துக. இரும்பு வட்டையோடு கூடிய சக்கரமாயின் காற்றைச் சிறிது குறைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். வட்டையில்லாத் டயரை நிமிர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை சற்றே உருட்டி வைத்தல் நன்று. ஆணியில் தொங்கவிடின் அதன் விளிம்பு கோணிவிடும்.

எங்கே வைப்பது? நம் கிராமத்தார் பெரும்பாலும் பம்புசெட்டுக் கொட்டகையையே நாடுவர். நிழல் உண்டு, பூட்டும் உண்டு என்பது அவர் வாதம். ஆனால் அங்கே டீசலும் கிரீசும் சிந்திக் கிடக்கும். எண்ணெய் ரப்பரை ஊதி மென்மையாக்கும். மின்சாரப் பொறி தெறிக்குமிடத்தில் ஓசோனும் பிறக்கும். இருண்டு, உலர்ந்து, குளிர்ந்த வேறோர் அறையே தக்கது.

குளிர் நாடுகளில் பனிக்காலத்துக்கென்று தனி டயர் பூட்டி, கோடையில் அதனை எடுத்து வைக்கின்றனர். அவர்களுக்கும் இவ்விதிகளே. எனினும் நமக்கு வேறோர் அபாயமும் உண்டு. ஆலை ஓய்ந்திருக்கும் மாதங்களிலேதான் மழையும் பெய்கின்றது. வெளியே கிடக்கும் டயர், படுத்திருப்பினும் நின்றிருப்பினும், தன் உட்குழிவில் நீரைத் தேக்கும். டெங்கு சுரத்தைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டவைக்கும். நீர் வற்றிய பின்னும் அம்முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். 1985-ம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் ஆசியப் புலிக்கொசு குடியேறியிருக்கக் கண்டபோது, ஆசியாவிலிருந்து கப்பலேறிய பழைய டயர்களே அதற்கு வாகனமாயின என்று ஆராய்ச்சியாளர் கருதினர். ஆதலின் தேங்கிய நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கூரையின்கீழ் வைத்தல் வேண்டும். உதவாத டயர்களை மண்ணிட்டு நிரப்பிவிடலாம்.

மீண்டும் பூட்டுமுன் டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எழுத்துக்களின் முடிவிலுள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க. 2319 என்றிருப்பின், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டதென்பது பொருள். பின்பு பக்கச் சுவரை விரலால் அழுத்தி நோக்குக. வெடிப்பினூடே உள்நூல் தெரியுமாயின், அதனை நம்பிக் கரும்பு ஏற்றிப் பெருஞ்சாலைக்குச் செல்லலாகாது.