பிஸ்டனில் ஓட்டை விழுந்தது ஏன்?

காட்டுமன்னார்கோயிலில் மோட்டார்ப் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஒரு பிஸ்டனைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அதன் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. விளிம்பு மெழுகுபோல் வழிந்திருந்தது. டர்போ பொருத்திய பெட்ரோல் கார் ஒன்றின் வேகம் போதவில்லை என்று, அதன் சொந்தக்காரர் வெளியூரில் எங்கோ டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிவைத்தாராம். வீராணம் ஏரிக்கரைச் சாலையில் விரட்டி வந்தபோது எஞ்சின் நின்றுவிட்டது.

"காற்றைத்தானே சார் கூடுதலாகக் கொடுத்தார்கள்? காற்று உலோகத்தை உருக்குமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மாணவர்களே, நாமும் யோசிப்போம்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று போதாவிட்டால் எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் கரும்புகைதான் மிச்சம். 2 லிட்டர் எஞ்சின் ஒன்று, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 2 லிட்டர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 6,000 லிட்டர். நிறை சுமார் 7 கிலோகிராம். அதற்குமேல் வேண்டுமானால் காற்றைத் திணிக்கத்தான் வேண்டும். வெளியேறும் சூடான புகையால் ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி அனுப்பும் யோசனையை, ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூகி 1905-இல் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். வீணாகப் போகும் புகைக்கு வேலை கொடுத்த கெட்டிக்காரத்தனம் அது!

ஆனால் சைக்கிள் பம்பை வேகமாக அடித்துவிட்டு அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். அமுக்கிய காற்று சூடாகிறது; சூடான காற்று விரிகிறது.

1973-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போ காரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். டர்போ இல்லாத அதன் உடன்பிறப்புக்கு 130 குதிரைத்திறன். டர்போ கொடுத்த கூடுதல் அழுத்தம் 0.55 பார், அதாவது காற்றழுத்தம் 1.55 மடங்கு. 30 டிகிரி செல்சியஸ் காற்று (303 கெல்வின்) இப்படி அமுக்கப்பட்டால் சுமார் 90 டிகிரி (363 கெல்வின்) ஆகும். அடர்த்தியோ 1.55 × 303 ÷ 363 = 1.29 மடங்குதான். 130-ஐ இதனால் பெருக்கினால் 168. அந்தக் காரின் உண்மைத் திறன் 170! (வேறு மாற்றங்களும் அதில் இருந்தன, விடை இவ்வளவு நெருங்கியது ஓரளவு தற்செயலே.)

பாதி வெற்றியை வெப்பம் திருடிக்கொண்டது. திருடியதோடு விடவில்லை. சூடாக உள்ளே வரும் கலவையை பிஸ்டன் மேலும் அமுக்குகிறது. தீப்பொறியிலிருந்து சுடர் பரவி வருவதற்குள், மூலையில் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கிறது. இதுவே 'தட்டல்'. பிஸ்டன் தலைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய வாயுப் படலம்தான் அதற்குக் கவசம். தட்டலின் அதிர்வலை அதைக் கலைத்துவிடுகிறது. எரியும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரிக்கும் மேல். அலுமினியம் உருகுவதோ 660 டிகிரியில்.

இதற்கு அஞ்சித்தான் பி.எம்.டபிள்யூ.காரர்கள் எஞ்சினின் அமுக்க விகிதத்தை 9.5-லிருந்து 6.9-ஆகக் குறைத்தார்கள். இக்காலக் கார்களில் தட்டலைக் கேட்டுத் தீப்பொறியைத் தாமதப்படுத்தும் உணர்கருவி உண்டு. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் 'இண்டர்கூலரும்' உண்டு. மேற்கண்ட 90 டிகிரிக் காற்றை அது 50-க்கு இறக்கினால், அதே அழுத்தத்தில் அடர்த்தி 1.45 மடங்காகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்.

நம் சொந்தக்காரர் அழுத்தத்தை மட்டும் கூட்டினார், வேறெதையும் தொடவில்லை. என் மாணவர் புது பிஸ்டன் போட்டு, அழுத்தத்தைப் பழைய அளவுக்கே இறக்கிவிட்டாராம். ஓட்டை பிஸ்டனை என்னிடமே விட்டுப் போனார்.