யோக ஒழுக்கமும் கலைப் பயிற்சியும்

யோகம் என்றவுடன் உடலை வளைத்துச் செய்யும் ஆசனமே பலர்க்கு நினைவில் எழுகின்றது. பதஞ்சலியின் யோக சூத்திரமோ மனத்தின் அலைவை அடக்குதற்கு இரண்டு வழிகளைக் கூறுகின்றது. ஒன்று பயிற்சி; மற்றொன்று பற்றின்மை. நெடுங்காலம், இடையறாது, ஈடுபாட்டுடன் செய்வதே உறுதியான பயிற்சி என்பது அந்நூலின் கருத்து. இவ்விரண்டும் கலை படைப்போர்க்கு எவ்வாறு துணையாகும் என்பதே நாம் இங்கு ஆராயும் பொருள்.

கட்டுப்பாடு கற்பனையை முடக்கிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்களுக்குக் கேமரன் மலையின் தேயிலைச் செடியே தக்க விடையாகும். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற இம்மலையில் தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக உழைத்துள்ளனர். தேயிலை, வெட்டாது விட்டால் மரமாக உயர்ந்துவிடும் இயல்பினது. கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்துவதனாலேயே அது கைக்கெட்டும் உயரத்தில் மீண்டும் மீண்டும் கொழுந்து விடுகின்றது. இங்கே வெட்டு, வளர்ச்சியைத் தடுப்பதன்று. தளிர்க்கும் இடத்தை நெறிப்படுத்துவதாகும்.

கொழுந்து கிள்ளுவதும் ஒருமுகக் கவனத்தை வேண்டுவதே. இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்து பறிக்கையில் கண்ணும் விரலும் இணைந்தியங்க வேண்டும். எனினும், கூலிக்குச் செய்யும் கடும் உழைப்பை யோகம் என்று புகழ்ந்து அதன் துன்பத்தை மறைத்தல் முறையன்று. தொழிலாளியின் வேகத்தைக் கூடையின் எடை வரையறுக்கின்றது. கலைஞனோ தன் ஒழுங்கைத் தானே தேர்ந்துகொள்கின்றான். அந்த உரிமையே அவனுடைய பொறுப்பையும் மிகுவிக்கின்றது.

பற்றின்மைக்குச் சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா (1928–2006) நல்ல சான்று. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்ற அவர், 1952இல் இராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக மேடையேறினார். யமுனையின் நீர்வளத்தை அபிநயித்துக்கொண்டிருக்கையில், வறண்டு வெடித்த நிலம் அவர் மனக்கண்ணில் தோன்றியது. கலைக்கும் வாழ்வுக்கும் இடையிலான அந்த முரண் அவரை விடவில்லை. காலப்போக்கில் மேடைப் புகழை விட்டுப் பல்லாண்டு விலகியிருந்தார். 1985இல் 'அங்கிகா' என்னும் படைப்பில் பரதத்தையும் யோகத்தையும் களரிப்பயிற்றையும் ஒருங்கிணைத்தார். ஆசனங்களை அவர் அணிகலனாகச் சேர்க்கவில்லை. மூச்சையும் முதுகெலும்பின் நிலையையும் நிதானத்தையுமே ஆடலின் அடித்தளமாக்கினார்.

நம் பள்ளிகளில் கலைப் பயிற்சி பெரும்பாலும் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் தொடங்கிப் பரிசளிப்போடு முடிந்துவிடுகின்றது. பரிசு பெறாத மாணவன் தூரிகையையோ எழுதுகோலையோ அன்றே கீழே வைத்துவிடுகின்றான். இவ்விழப்பைத் தடுக்க மூன்று சிறு வழிகளை நாம் மேற்கொள்ளலாம். நாள்தோறும் ஒரே வேளையில், சிறிதளவேனும் வரைதல், எழுதுதல், பாடுதல். தொடங்குமுன் சில நிமிடம் மூச்சைக் கவனித்து அமர்தல். வாரம் ஒருமுறை தன் படைப்பைத் தானே நோக்கி மிகையானவற்றைக் களைதல். இவற்றுள் சில படைப்புகளேனும் எவர் மதிப்பெண்ணுக்கும் உட்படாதிருத்தல் நலம்.

ஆசிரியர் முதலில் பாராட்ட வேண்டியது மாணவனின் வெற்றியை அன்று. மறுநாளும் அவன் வந்தமர்வதையே.