எக்செல் சார்ட் உங்கள் பேச்சைக் கேட்க என்ன செய்யணும்?

எண்களைத் தேர்ந்தெடுத்து 'இன்செர்ட்' போனால் நொடியில் சார்ட் வந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு பட்டையின் நிறத்தை மாற்றப் போனால் எல்லாப் பட்டைகளும் மாறும். தலைப்பை நகர்த்தப் போனால் சார்ட்டே நகரும். கடுப்பா இருக்கும், இல்லையா?

தப்பு உங்கள் மேல் மட்டும் இல்லை. நீங்கள் கேட்காமலேயே மென்பொருள் பல முடிவுகளை எடுத்துவிடுகிறது. அதை மாற்றும் வழிகள் இருக்கின்றன, கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஜாசின் எண்களை வைத்துப் பார்ப்போம்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாக்கா தெங்காவில் 597,135 பேர், அலோர் காஜாவில் 219,210 பேர், ஜாசினில் 182,083 பேர். மூன்று மாவட்டம், மூன்று பட்டை. தமிழ்ப்பள்ளியில் படித்த அதே பட்டைக் குறிவரைவுதான்.

ஜாசின் பட்டைக்கு மட்டும் நிறம் மாற்றுவது எப்படி?

எக்செலில் முதல் கிளிக் எல்லாப் பட்டைகளையும் பிடிக்கும். கொஞ்சம் நிறுத்தி அதே பட்டையை மறுபடி கிளிக் பண்ணுங்க; ஜாசின் மட்டும் தேர்வாகும். பிறகு விண்டோஸில் கன்ட்ரோல், 1 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வலப்பக்கம் அமைப்புப் பலகை திறக்கும்.

கை தவறி வேறு எதையாவது தொட்டுவிடுகிறீர்களா? 'ஃபார்மட்' பகுதியின் இடது ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. தலைப்பு, அச்சு, பட்டை என வேண்டியதை அங்கே பெயரைச் சொல்லியே தேர்ந்தெடுக்கலாம். தலைப்பையோ எண்களையோ சேர்க்க, நீக்க சார்ட்டின் ஓரத்தில் உள்ள கூட்டல் குறி போதும். அது எக்செல் 2013-இல் வந்த வசதி.

லிப்ரே ஆபிஸில் முதலில் சார்ட்டை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே நுழையணும். கூகுள் ஷீட்ஸில் இரட்டைக் கிளிக் செய்தால் வலப்பக்கம் எடிட்டர் வரும்.

நிறத்தைவிட முக்கியமானது அச்சு

இப்போது ஜாசினையும் அலோர் காஜாவையும் மட்டும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 37,127 பேர், அதாவது பெரிய எண்ணில் சுமார் 16.9 விழுக்காடு. இந்த வித்தியாசம் 16.7 விழுக்காட்டுக்குக் கீழே போனால், எக்செல் தானாகவே செங்குத்து அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் விட்டுவிடும். ஜாசினில் இன்னும் 600 பேர் இருந்திருந்தால் போதும், படமே மாறியிருக்கும்!

அச்சு 160,000-இல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் அலோர் காஜாவின் மக்கள்தொகை ஜாசினைப் போல் 1.2 மடங்குதான். ஆனால் அதன் பட்டை இரண்டரை மடங்குக்கும் மேல் உயரமாக நிற்கும். எண்கள் சரி, படம் பொய். அவசரத்தில் பார்ப்பவர் எண்ணைப் படிக்க மாட்டார், உயரத்தைத்தான் பார்ப்பார்.

சரி செய்வது சுலபம். செங்குத்து அச்சை இரட்டைக் கிளிக் செய்து, 'மினிமம்' பெட்டியில் 0 என்று நீங்களே எழுதுங்கள். அதன்பின் எண்கள் மாறினாலும் அச்சு அங்கேயே நிற்கும்.

ஒவ்வொரு முறையும் இதே வேலையா?

தேவையில்லை. சரிசெய்த சார்ட்டின் மேல் வலது கிளிக் செய்து 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்' கொடுங்கள். நிறமும் எழுத்தும் அடுத்த சார்ட்டுக்கும் கிடைக்கும். அச்சை மட்டும் அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: பட்டை பூஜ்யத்திலிருந்துதான் எழுகிறதா?