புதுச்சேரிக்குக் காவல் நின்றவர்கள்

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர் ஊர் என்கிறோம். அந்த ஊரைக் கட்டிக் காக்க எத்தனை பிரெஞ்சுக்காரர் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1693இல் டச்சுக்காரர்கள் பத்தொன்பது போர்க்கப்பல்களோடு வந்து முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் முப்பது நாற்பது பேர்தானாம். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மாலெசன் தரும் கணக்கு இது. அவர்களோடு நம் நாட்டு வீரர் முந்நூறு நானூறு பேர் இருந்தார்கள். செப்டம்பர் முதல் வாரத்திலேயே கோட்டை விழுந்துவிட்டது. முப்பது பேரை வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பிடிக்க எப்படித் துணிந்தார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1664இல் பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் கனவு இந்தியா அல்ல, மடகாஸ்கர் தீவு. அங்கே பிரெஞ்சுக் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும், அவர்களே உழுது பயிரிட்டு, தேவைப்பட்டால் துப்பாக்கி எடுத்து ஊரைக் காக்க வேண்டும் என்பது திட்டம். வாருங்கள், நல்ல நிலம், நல்ல காற்று என்று ஆசைகாட்டிப் பிரசுரமே அச்சிட்டார்கள். போனவர்கள் காய்ச்சலிலும் பட்டினியிலும் உள்ளூர் மக்களோடு ஏற்பட்ட சண்டையிலும் மடிந்தார்கள். 1674இல் மிச்சம் இருந்தவர்கள் தீவைவிட்டே ஓடினார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் கிட்ட இருந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. பாரிஸில் மளிகைக் கடையில் வேலை பார்த்து, 1665இல் கம்பெனிச் சிப்பந்தியாக மடகாஸ்கருக்குக் கப்பலேறிய பிரான்சுவா மர்த்தேன். பிற்காலத்தில் புதுச்சேரியை உருவாக்கியவர் அவர்தான். பிரான்சிலிருந்து ஆள் வரும் என்று நம்பி ஊர் கட்டினால் என்ன ஆகும் என்பதை அவர் அங்கேயே படித்துவிட்டார் என்பது என் எண்ணம்.

1672இல் பிரெஞ்சுப் படை மயிலாப்பூர்ச் சாந்தோமைப் பிடித்தது. கோல்கொண்டா சுல்தானும் டச்சுக்காரரும் சேர்ந்து நெருக்க, இரண்டே வருஷத்தில் அதை விட வேண்டியதாயிற்று. அதற்குள் வலிகொண்டபுரத்தில் இருந்து ஆண்ட ஷேர்கான் லோடி புதுச்சேரியில் இடம் கொடுத்திருந்தார். 1674இல் மர்த்தேன் அங்கே வந்து சேர்ந்தார். மதில் கிடையாது, ஆள் கிடையாது, கம்பெனியிடம் காசும் கிடையாது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஷேர்கான் அவருக்கு உள்ளூர்க் காவலாட்கள் முந்நூறு பேரைக் கொடுத்தார். வேறு ஒருவராக இருந்தால் மாதச் சம்பளம் கொடுத்து வாசலில் நிறுத்தியிருப்பார். மர்த்தேன் அவர்களுக்கு ஊருக்குப் பக்கத்தில் தரிசாகக் கிடந்த நிலத்தைக் கொடுத்து வீடு கட்டிக்கொள்ளச் சொன்னார். சும்மா இருக்கும் நாளில் துணி நெய்யும் தொழிலில் ஈடுபடுத்தினார். அந்தத் துணியைத்தான் கம்பெனி கப்பலேற்றியது. காவலாளிக்குக் குடும்பமும் கூரையும் அதே ஊரில் இருந்தால், எதிரி வரும்போது அவன் கம்பெனிக்காக மட்டும் நிற்க மாட்டான், தன் வீட்டுக்காகவும் நிற்பான். மடகாஸ்கரில் பிரெஞ்சுக் குடியேறிகளை வைத்துச் செய்ய நினைத்ததை, இங்கே நம் ஆட்களை வைத்துச் செய்தார். சொந்த ஊரைவிட்டு வந்து, கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் வேர்விட்ட குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும்.

1693இல் அது போதவில்லை என்பது உண்மைதான். 1697 ரைஸ்விக் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பிக் கிடைத்தது. 1699இல் மர்த்தேன் மீண்டும் வந்தார். இந்தத் தடவை பிரான்சிலிருந்து இருநூறு படைவீரர்கள் வந்தார்கள். கப்பலில் வர ஆறு மாதத்துக்குக் குறையாது. வழியிலேயே செத்தவர்கள் போக, வந்தவர்களில் சிலர் அடுத்த துறைமுகத்துக்கு ஓடி ஆங்கிலேயரிடமோ டச்சுக்காரரிடமோ சேர்ந்துவிடுவதும் அக்கால வழக்கம். ஆகவே தொப்பாஸ் எனப்பட்ட போர்த்துக்கீசியக் கலப்புக் குடும்பத்தாரையும் படையில் சேர்த்தார்கள். 1706 கடைசியில் மர்த்தேன் இறந்தபோது லூயி கோட்டை எழும்பியிருந்தது.

அடுத்த பெரிய சோதனை 1741இல். திருச்சியைப் பிடித்த மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே, அடைக்கலம் புகுந்திருந்த சந்தா சாகிபின் மனைவியையும் பொருளையும் ஒப்படைக்கச் சொன்னார். கவர்னர் துய்மா மறுத்துவிட்டார். ஊரில் இருந்த ஐரோப்பியரையெல்லாம் திரட்டினார், கப்பல் மாலுமிகளைக் கரையிறக்கித் தரைப்படைப் பயிற்சி கொடுத்தார். அப்படி இப்படிச் சேர்ந்தது 1200 பேர். அவர்களுக்குப் பக்கத்தில் ஐரோப்பிய முறையில் பழக்கப்பட்ட நாலைந்தாயிரம் முஸ்லிம் வீரர்கள். ரகோஜியின் தூதருக்கு இதையெல்லாம் சுற்றிக் காட்டி, போகும்போது நாந்த் நகரத்து மதுப் புட்டிகளையும் கொடுத்தனுப்பினாராம். ரகோஜியின் மனைவிக்கு அது பிடித்துப்போய், இன்னும் வேண்டும் என்று கேட்டதால்தான் சண்டை நின்றது என்று ஒரு கதை. நின்றதற்குப் பயிற்சி பெற்ற அந்தப் படைதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நம் கேரளத்துக்கும் இதில் பங்கு உண்டு. மாஹி என்றதும் நம்மில் சிலருக்கு விலை குறைந்த சரக்கு ஞாபகம் வரும், அதை விடுங்கள். 1725இல் பிரெஞ்சு வசமான அந்த மய்யழியிலிருந்து, 1740களில் சிப்பாய்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் மாஹிச் சிப்பாய்களைப் பலமுறை குறிப்பிடுகிறார். 1746இல் அடையாற்றங்கரையில் பரதி என்ற தளபதி 230 பிரெஞ்சுக்காரரோடும் 700 சிப்பாய்களோடும் ஆற்காட்டு நவாபின் மகன் கொண்டுவந்த பெரும்படையை விரட்டினார். புத்தகங்களில் அந்த 230 பேர்தான் பெரிதாக வருகிறார்கள்.

1748இல் போஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது உள்ளே 1800 ஐரோப்பியரும் 3000 சிப்பாய்களும் இருந்தார்கள். ஆங்கிலேயர் 1065 ஐரோப்பியரைப் பறிகொடுத்துத் திரும்பினார்கள். வெற்றிதான். ஆனால் அதே முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, பாதிரிமார் நெடுநாளாகக் கேட்டுவந்தபடி, வேதபுரீசுவரர் கோயிலை டூப்ளே இடிக்கச் செய்தார். ஊரைவிட்டு ஓடவும் முடியாத, எதிர்க்கவும் முடியாத நேரம் பார்த்து நடந்தது அது. பிள்ளை அதை மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

பத்தாண்டில் லல்லி வந்தார். வீரர்தான், ஆனால் ஊரைத் தெரியாதவர். பீரங்கி வண்டி இழுக்க மாடு கிடைக்காதபோது, ஊர் மக்களைப் பிடித்து இழுக்க வைத்தார். 1760 நவம்பரில் ஆங்கிலேயர் வளைத்துக்கொள்ள, உணவு குறைந்தது. வெளியே அனுப்பப்பட்டவர்கள் ஊரில் குடியிருந்த நம் மக்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சுமார் 1400 பேர். ஆங்கிலேயக் காவல் அவர்களை மேலே போகவிடவில்லை. திரும்பி வந்து கோட்டைக் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து சுட்டார்கள். எட்டு நாள், இரண்டு படைகளுக்கும் நடுவே, புல்லின் வேரைத் தின்று கிடந்தார்களாம். பிறகுதான் கூட் மனம் இரங்கி வழிவிட்டார்.

1761 ஜனவரி 16இல் புதுச்சேரி சரணடைந்தது. நாலு நாள் முன்னால், 12ஆம் தேதி, ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார். கோட்டையையும் நகரையும் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ழான் லா கவர்னராகத் திரும்பி வந்தபோது மறுபடியும் ஆட்களைக் குடியேற்றித்தான் ஊரைத் தொடங்க வேண்டியிருந்தது. லூயி கோட்டை நின்ற இடத்தில் இன்று பாரதி பூங்கா இருக்கிறது. கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்குள் போனால் பிள்ளையின் வீடு இன்னும் நிற்கிறது.